கண்ணாடித் தாள் மக்குமா, மறுசுழற்சியாகுமா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பொட்டலம் கட்டும் பொருட்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் கடை எங்களுடையது. அட்டைப் பெட்டி, காகிதப் பை, நூல்கண்டு, டேப், சாக்கு ஊசி என்று பலதும் இருந்தாலும், அதிகமான கேள்விகளைக் கிளப்புவது எல்லாரும் "கண்ணாடித் தாள்" என்று கேட்டு வாங்கும் செலோபேன்தான். இனிப்புக் கடைக்காரர், ஓசூர்ப் பக்கத்துப் பூ வியாபாரி, பள்ளிக்கூட வேலைக்குக் கலர் தாள் வாங்க வரும் பெற்றோர் எனப் பலரும் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளையும், நாங்கள் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறோம். விற்பவரே எழுதியது என்பதால் எங்கள் சரக்குக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில பதில்கள் எங்கள் வியாபாரத்தைக் குறைக்கக்கூடியவை.

செலோபேன் பிளாஸ்டிக்கா, காகிதமா?

பிறப்பால் அது காகிதத்தின் பங்காளி, பார்வைக்குத்தான் பிளாஸ்டிக். மரக்கூழில் உள்ள செல்லுலோஸ் என்னும் பொருளை வேதிப்பொருட்களால் கரைத்து, தேன் போன்ற பிசுபிசுப்பான திரவமாக்கி, மெல்லிய பிளவு வழியே அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சினால், அது மீண்டும் செல்லுலோஸாக இறுகி ஒளி ஊடுருவும் படலமாக வெளியே வருகிறது. பஞ்சிலும் வைக்கோலிலும் தென்னை நாரிலும் இருக்கும் அதே செல்லுலோஸ்தான். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிதீனுக்கும் இதற்கும் உறவு இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜாக் பிராண்டன்பெர்கர். மேசை விரிப்பின் மேல் ஒயின் கொட்டியதைப் பார்த்து, கறை ஒட்டாத துணி செய்ய வேண்டும் என்று முயன்றவர், துணிமேல் பூசிய படலம் தனியாக உரிந்து வந்ததைக் கண்டு துணியை விட்டுவிட்டுப் படலத்தைப் பிடித்துக்கொண்டார். 1912-இல் காப்புரிமை பெற்றார். செல்லுலோஸ் என்பதையும், ஒளி ஊடுருவுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் இணைத்து அவர் வைத்த பெயர்தான் செலோபேன். முதலில் வந்த தாள் தண்ணீரைத் தடுத்தாலும் நீராவியைத் தடுக்கவில்லை. 1927-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஈரப்பதம் புகாத மேற்பூச்சு உருவான பிறகுதான் உணவுப் பொருட்களுக்கு அது பெருவாரியாகப் போனது. அந்த மேற்பூச்சைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

அப்படியானால் நீங்கள் விற்கும் கண்ணாடித் தாள் எல்லாம் செலோபேன்தானா?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். இன்று கண்ணாடித் தாள் என்ற பெயரில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விற்பனையாவதில் மிகப் பெரும்பாலானது பி.ஓ.பி.பி. எனப்படும் பாலிபுரொப்பிலீன் படலம். அதாவது, இரு திசைகளிலும் இழுத்து மெல்லியதாக்கப்பட்ட அசல் பிளாஸ்டிக். 1960-களுக்குப் பிறகு உலகெங்கும் செலோபேனின் இடத்தை இது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. விலை பல மடங்கு குறைவு, ஈரத்தில் தளராது, எடையும் கம்மி. தாள் மாறிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. நம் பக்கத்தில் எந்தச் சலவைத் தூளுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

தென்னிந்தியாவிலேயே செலோபேன் தயாரான காலம் உண்டு. கேரளத்தின் பெரும்பாவூரில் இருந்த ரேயான் ஆலை செயற்கைப் பட்டு நூலோடு செலோபேன் தாளையும் தயாரித்தது. அது மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று எங்களிடம் அசல் செலோபேன் சுருள் இருப்பது அபூர்வம். யாராவது முன்கூட்டிச் சொன்னால்தான் வரவழைக்கிறோம்.

இரண்டையும் வீட்டிலேயே எப்படிப் பிரித்து அறிவது?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் ஒரு தம்பி கையில் ஒரு சுருளோடு வந்தார். "அண்ணா, இது மக்கும் தாள்னு சொல்லிக் கொடுத்தாங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தோம். அன்று செய்ததையே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டை வெட்டி, மிட்டாய்க்கு முறுக்குவதுபோல இரு முனைகளையும் முறுக்கிவிட்டு மேசைமேல் வைத்தோம். செலோபேன் முறுக்கிய இடத்திலேயே நிற்கும். கையை எடுத்தாலும் பிரியாது. அந்தக் காலத்து மிட்டாய்த் தாள் பிரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். பாலிபுரொப்பிலீன் மெதுவாகத் தானே பிரிந்துகொள்ளும். அந்தத் தம்பியின் தாள் பிரிந்தது.

அடுத்து, விளிம்பில் கிள்ளிக் கிழிக்க முயன்றோம். செலோபேன் காகிதம்போலச் சட்டென்று கிழியத் தொடங்கும். பி.ஓ.பி.பி. தாளை வெட்டுப்படாத விளிம்பிலிருந்து கிழிப்பது கடினம். இழுபடும், விரலை அறுக்கும். ஆனால் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டால் அதுவும் சர்ரென்று கிழிந்துவிடும் என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவதாக ஒரு டம்ளர் தண்ணீர். நகத்தளவு துண்டைப் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போகும்படி ஸ்பூனால் அழுத்திவிட வேண்டும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, எத்தனை முறை அழுத்தினாலும் மேலே வந்து மிதக்கும். செலோபேன் தண்ணீரைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது, அடியில் போய்த் தங்கும். மேற்பூச்சு இல்லாததாக இருந்தால் சிறிது நேரத்தில் தளர்ந்து, நனைந்த அப்பளம்போல ஆகிவிடும். இந்தச் சோதனைதான் எங்களுக்குப் பிடித்தது. ஏமாற்ற முடியாது, ஆபத்தும் இல்லை.

கடைசியாக நெருப்பு. இதை வெட்ட வெளியில், பெரியவர் ஒருவர், இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக்கொண்டு, நகத்தளவு துண்டில் மட்டும் செய்ய வேண்டும். செலோபேன் காகிதம்போல எரிந்து, காகிதம் கருகும் மணம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பி.ஓ.பி.பி. நெருப்பைக் கண்டதும் சுருங்கி விலகும், பிறகு உருகிச் சொட்டும், அணைத்ததும் மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும், ஆறியபின் கெட்டியான உருண்டை எஞ்சும். தம்பியின் தாள் தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதை அவருக்கு விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் விற்றிருப்பார் என்றே எடுத்துக்கொண்டோம்.

அசல் செலோபேன் மண்ணில் மக்க எவ்வளவு காலம் ஆகும்?

மேற்பூச்சைப் பொறுத்தது. பூச்சு இல்லாத தாள், ஈரமும் நுண்ணுயிரும் உள்ள மண்ணில் சில வாரங்களில் மக்கிவிடும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ளது சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். பி.வி.டி.சி. என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் பூச்சு உள்ள தாளில், நடுவில் உள்ள செல்லுலோஸ் மக்கினாலும் பூச்சு மெல்லிய சிம்புகளாக மண்ணிலேயே தங்கும். ஆகவே "செலோபேன் மக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் மாவிலைச் சருகும் சாணமும் போட்டு வைத்திருக்கும் உரக்குழியில் பூச்சு இல்லாத செலோபேன், பூச்சு உள்ள செலோபேன், பி.ஓ.பி.பி. என மூன்று வகைத் தாளையும் கம்பி வலையில் கட்டிப் புதைத்துப் பார்த்தோம். இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல, வீட்டு ஆர்வம்தான். ஒன்றரை மாதம் கழித்துக் கிளறியபோது பூச்சு இல்லாத செலோபேன் கைக்கு அகப்படவில்லை. பூச்சு உள்ளது பழுப்பேறி, நாலைந்து துண்டாகக் கிழிந்து கிடந்தது. பி.ஓ.பி.பி. தாளையோ, தட்டித் துடைத்தால் மறுபடியும் கடையில் விற்கலாம்போல இருந்தது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. மக்குவதற்கு ஈரம் வேண்டும். தருமபுரி மழை குறைந்த மாவட்டம். பென்னாகரம் சாலை ஓரத்துக் காய்ந்த மேட்டில் பறந்து சிக்கிக்கொண்ட செலோபேன், ஈரமான உரக்குழியில் மக்கும் வேகத்தில் மக்காது. வெயிலில் மொடமொடத்து நொறுங்கி, அடுத்த மழை வரும்வரை அங்கேயே கிடக்கும். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் சிக்கினாலோ, செல்லுலோஸ் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். அது புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு. மக்கும் பொருள் என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் எறியலாம் என்று ஆகிவிடாது.

மக்கும் தாளாக இருந்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

முடிவு நல்லதாக இருக்கிறது என்பதற்காகத் தொடக்கத்தை மறந்துவிடக் கூடாது. செலோபேன் செய்யும் முறைக்கு விஸ்கோஸ் முறை என்று பெயர். 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இந்த முறைதான் ரேயான் துணிக்கும் அடிப்படை. மரக்கூழை முதலில் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்க வேண்டும். பிறகு கார்பன் டைசல்பைடு என்ற, எளிதில் ஆவியாகும், தீப்பற்றும் நச்சுத் திரவத்தோடு சேர்க்க வேண்டும். அதன்பின் கந்தக அமிலத் தொட்டி, அடுத்தடுத்துக் கழுவல்கள், வெளுப்பு, தாள் மொடமொடக்காமல் இருக்கக் கிளிசரின். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஏராளமாகச் செலவாகிறது, கழிவும் வருகிறது.

கார்பன் டைசல்பைடுதான் இதில் பெரிய வில்லன். ரேயான், செலோபேன் ஆலைகளில் இந்த ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சி, மனநிலைக் கோளாறு, இதய நோய் ஆகியவை வந்தன என்பது இருபதாம் நூற்றாண்டின் தொழில்சார் மருத்துவத்தில் நன்கு பதிவான செய்தி. கூடவே அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் வெளிவரும். புதிய ஆலைகள் இந்த ஆவிகளைப் பிடித்து மீண்டும் பயன்படுத்துகின்றன. அதைச் செய்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் ஒரு செலோபேன் ஆலை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. கோவை மாவட்டம் சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலை செலோபேனுக்காக அல்ல, ரேயானுக்காக இயங்கியது. முறை என்னவோ இதே முறைதான். அதன் கழிவுநீர் ஆற்றைக் கெடுக்கிறது என்று மக்கள் நடத்திய போராட்டமும், பின்னர் ஆலை மூடப்பட்டதும் பவானிப் பாசன விவசாயிகளுக்கு இன்றும் நினைவிருக்கும். மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இதற்கும் முந்தியது. முறையாக வளர்த்த தோட்டத்து மரக்கூழா, அழித்த காட்டின் கூழா என்பதைச் சுருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் கருத்து இது: உற்பத்தியில் செலோபேன் பிளாஸ்டிக்கைவிடச் சுத்தமானது என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில், ஓடையில், மாட்டின் வயிற்றில் போய்ச் சேரும் வாய்ப்பு உள்ள பொருளுக்கு அது பிளாஸ்டிக்கைவிட மேல். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒரே எண்ணாகச் சொல்லச் சொன்னால் எங்களால் ஆகாது.

செலோபேனைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போடலாமா?

கூடாது. காகிதமும் செலோபேனும் ஒரே செல்லுலோஸ்தானே என்று கேட்பார்கள். காகிதம் என்பது ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. காகித ஆலையில் தண்ணீரில் கரைக்கும்போது அந்த இழைகள் பிரிந்து, மறுபடி பின்னிக்கொள்கின்றன. செலோபேன் செய்யும்போது இழை முழுவதும் கரைந்து போய்விட்டது, ஆகவே ஆலைக்குத் திரும்பக் கிடைக்க அதில் இழையே இல்லை. கூழில் அது வழவழப்பான செதிலாகக் கிடந்து சல்லடையை அடைக்கும். பழைய பேப்பர்க் கடைக்காரர் அதை எடுத்து வீசுவதற்குக் காரணம் இதுதான். பிளாஸ்டிக்கோடு சேர்த்தாலும் பயன் இல்லை. பிளாஸ்டிக் சூட்டில் உருகும், செலோபேன் உருகாமல் கருகும், கூடவே இருக்கும் நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். பூச்சற்ற செலோபேனுக்கு உரக்குழிதான் மறுசுழற்சி நிலையம்.

பி.ஓ.பி.பி. தாளையாவது மறுசுழற்சி செய்யலாம் அல்லவா?

வேதியியல்படி செய்யலாம். பாலிபுரொப்பிலீன், முக்கோணத்துக்குள் 5 என்ற எண் உடைய பிளாஸ்டிக்; வாளியும் நாற்காலியும் இதனால்தான் ஆகின்றன, உடைந்த நாற்காலியைப் பழைய இரும்புக் கடையில் காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள். தாள் வடிவில் வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் உள்ள பி.ஓ.பி.பி. தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம் எடைதான் இருக்கும். ஓர் இனிப்புப் பெட்டியைச் சுற்ற அரை மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர் தாள் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தாள் ஐந்தரை கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர வேண்டுமானால் ஏறக்குறைய 180 பெட்டிகளின் தாளைத் தேடிப் பொறுக்க வேண்டும். அதிலும் நெய், சர்க்கரைப் பாகு, அச்சு மை, ஒட்டிய டேப் எல்லாம் இருக்கும். பழைய பொருள் சேகரிப்பவர் ஒரு காலி எண்ணெய்க் கேனை எடுத்தாலே போதுமே, இதை ஏன் பொறுக்கப் போகிறார்? சிப்ஸ் உறைபோல உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள தாளுக்கும், பல படலங்களை ஒட்டிய தாளுக்கும் அந்த வாய்ப்பும் இல்லை.

எஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக் தாள்களைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அவை உருகி ஜல்லியைப் போர்த்தும். அதன்பின் தார் கலப்பார்கள். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் இதற்கு உதவும், பி.வி.சி. ஆகாது, உருகாத செலோபேனும் ஆகாது. இன்னொன்று, சிமென்ட் ஆலை உலையில் எரிபொருளாகப் போவது. அதற்கு மறுசுழற்சி என்று பெயர் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. கட்டுப்பாடான கடும் சூட்டில் எரிப்பது என்பதே சரி.

போகிக்கோ, குப்பை சேர்ந்தபோதோ வீட்டில் எரித்துவிடலாமா?

வேண்டாம். எந்தத் தாள் என்று தெரியாமல் எரிக்கும்போது, அதில் பி.வி.டி.சி. பூச்சோ பி.வி.சி. தாளோ கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவியும் டையாக்சின் வகை நச்சுகளும் வரக்கூடும். திறந்தவெளியில் குப்பையை எரிப்பது சட்டப்படியும் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? இனிப்புப் பெட்டிமேல் கண்ணாடித் தாள் சுற்றலாமா?

பிளாஸ்டிக் தாள் என்றால் சுற்றக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவுப் பொருளைக் கட்டும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடங்கும். ஒன்றிய அரசின் விதிகளின்படி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த தடையில், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் படலம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே தீபாவளி இனிப்புப் பெட்டிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பி.ஓ.பி.பி. சுற்றுவது, எத்தனை மைக்ரான் ஆனாலும், தடைக்குள் வரும். பிளாஸ்டிக் தூக்குப் பையின் தடிமன் பற்றிய 120 மைக்ரான் விதி வேறு. அதை இதற்குக் காட்ட முடியாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

செலோபேனின் நிலை நுட்பமானது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, பிளாஸ்டிக் என்பதற்குத் தரும் விளக்கத்தில் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. செல்லுலோஸ் தாளின் பெயர் அதில் இல்லை. ஆனால் சோதனைக்கு வரும் அலுவலரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அசல் செலோபேன் பயன்படுத்துபவர் வாங்கிய ரசீதையும் தயாரிப்பாளரின் பொருள் விவரத் தாளையும் கடையில் வைத்திருப்பது நல்லது. பிளாஸ்டிக் பூச்சு உள்ள செலோபேனை வைத்துக்கொண்டு இந்த வாதத்தைச் செய்ய வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலாக நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்வது, பெட்டிக்குத் தாளே தேவையில்லை என்பதுதான். மூடி இறுக்கமாக உள்ள அட்டைப் பெட்டியும் ஒரு சுற்று நூலும் போதும். நூல் கட்டிய பெட்டியைப் பார்த்து மாமியார் வீட்டில் யாரும் குறைவாக நினைத்ததாக இதுவரை எங்கள் காதுக்கு வரவில்லை.

ஓசூர் ரோஜாவுக்கும் பூங்கொத்துக்கும் கண்ணாடித் தாள் இல்லாமல் முடியுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதிகமாகக் கண்ணாடித் தாள் போகும் இடம் இதுதான். ஓசூர், பாகலூர், பேரிகை, தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் கொய்மலர் ரோஜா, காதலர் தினத்துக்கு முன் பெட்டி பெட்டியாக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. அதில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பயணத்தில் இதழ் உரசாமல் காக்கக் கொத்தைச் சுற்றி வைப்பது ஒன்று. இதை அலை அட்டையாலும் காகிதத்தாலும் செய்ய முடியும், பல பண்ணைகள் செய்யவும் செய்கின்றன. கடையில் பூங்கொத்தை அலங்கரிக்கச் சுற்றும் பளபளப்புத் தாள் மற்றொன்று. அது பூவுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. மேடையில் கொத்தை வாங்கியவர் ஐந்து நிமிடத்தில் கீழே வைத்துவிடுகிறார், மண்டபத்தைக் கூட்டுபவர் பூவையும் தாளையும் கம்பியையும் சேர்த்துக் குப்பையில் தள்ளுகிறார், மக்க வேண்டிய பூவும் மக்காத தாளோடு கட்டுண்டு கிடக்கிறது. பூச்சற்ற செலோபேன் பொருத்தமாக அமையும் இடம் உண்டென்றால் இதுதான். காய்ந்த பூவோடு சேர்த்தே உரக்குழியில் போடலாம். ஆனால் தண்ணீர் தெளிக்கும் பூக்கடையில் அது தளர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பழுப்புக் காகிதமும் வாழை நாரும் போதும் என்று சொல்லும் பூக்கடைக்காரர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள்.

நிப்பட்டு (தட்டை), முறுக்குப் பாக்கெட்டுக்கு என்ன செய்வது?

இங்கே நாங்கள் அவசரப்பட்டு அறிவுரை சொல்வதில்லை. நிப்பட்டு நமுத்துப் போகாமல் இருக்க ஈரம் தடுக்கும் உறை தேவை. பூச்சற்ற செலோபேன் ஈரத்தை விட்டுவிடும், காகிதம் எண்ணெயை உறிஞ்சும். பாக்கெட் கெட்டு ஒரு கிலோ தின்பண்டம் வீணானால், அதற்குச் செலவான மாவும் எண்ணெயும் விறகும் தாளைவிடப் பெரிய நட்டம். அன்றன்று விற்றுத் தீரும் சரக்குக்குக் காகிதப் பையே போதும். வெளியூருக்கு அனுப்புவதை ஒரே படலம் உள்ள, அச்சு குறைந்த பையில் அடைப்பது உள்ளதில் மேல். வீட்டுப் பக்கத்துக் கடையில் பாத்திரம் கொண்டுபோய் வாங்குவது அம்மாக்கள் காலத்தில் வழக்கமாகவே இருந்தது.

"மக்கும்" என்று அச்சிட்ட தாளை நம்பலாமா?

அச்சை மட்டும் நம்ப வேண்டாம். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். தாளில் உற்பத்தியாளர் பெயரும் சான்று விவரமும் இருக்க வேண்டும். அதற்கான தரநிலை ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. அந்தத் தரநிலை பேசுவது, வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் அளவில் பராமரிக்கப்படும் பெரிய உரக்கூடத்தில் மக்குவதைப் பற்றி; கொல்லைக் குழியில் அதே வேகத்தில் மக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. வெயில் பட்டால் சிதையும் என்று சொல்லப்படும் தாள்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக நொறுங்குபவையே. எங்களுக்கே ஒருமுறை "செல்லுலோஸ் தாள்" என்று ரசீது போட்டு வந்த சரக்கு தண்ணீரில் மிதந்தது, திருப்பி அனுப்பினோம். அதுமுதல் எந்தச் சுருள் வந்தாலும் டம்ளர் சோதனை முடிந்த பிறகுதான் பணம்.

மாம்பழக் கூடையைக் கண்ணாடித் தாளால் மூடலாமா?

மூடினால் பழத்துக்கே கெடுதி. பழம் மூச்சு விடும். நீராவி வெளியேறாமல் உள்ளே வியர்த்து, காம்புப் பக்கம் அழுகத் தொடங்கும். வைக்கோலும் செய்தித்தாளும் பரப்பிய கூடையே சிறந்தது.

பிரித்து வைத்தால் யாரிடம் கொடுப்பது?

கிராமத்தில் தூய்மைக் காவலரிடமும் நகரத்தில் தூய்மைப் பணியாளரிடமும் மக்காத குப்பையாக, காய்ந்த நிலையில், தனிப் பையில் கொடுக்கலாம். தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து ஒரே பையில் சேர்த்தால் காற்றில் பறக்காது. நெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். இதற்காகக் குடம் தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தோடு சேர்த்துக் கட்டி வெளியே வைப்பதுதான் மோசமானது. மாடு வாசனைக்கு வந்து தாளோடு விழுங்கும், அது இரைப்பையிலேயே தங்கிவிடும்.

செலோ டேப்பும் இதே தாள்தானா?

ஒரு காலத்தில் ஆம். 1930-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ செலோபேன் பட்டையில் பசை தடவி உருவாக்கியதுதான் அந்த டேப். இப்போது நாம் வாங்குவது பெரும்பாலும் பி.ஓ.பி.பி. டேப். அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பருக்குப் போடும்முன் டேப்பை உரித்துவிட்டால் அட்டை நல்ல விலைக்குப் போகும். பசை தடவிய காகித டேப்பாக இருந்தால் உரிக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் மாதிரி பார்க்க முடியுமா?

முடியும். செலோபேன், பி.ஓ.பி.பி. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. முறுக்கிப் பார்க்கலாம், கிழித்தும் பார்க்கலாம். தண்ணீர் டம்ளரும் அங்கேயே இருக்கும்.